சபேட்டோ மலையில் ஆஞ்சநேயரைத் தேடியது

பிள்ளைகளே, நம் ஊர்க் காட்டில் குரங்கு உண்டா என்று கேட்டீர்கள். பீஜியில் குரங்கே கிடையாது. ஆனாலும் ஒரு காலத்தில் சபேட்டோவில் நாங்கள் எல்லோரும் ஒரு பெரிய குரங்கைத் தேடினோம். எனக்குத் தெரிந்தவரையில் எழுதுகிறேன்.

கிர்மிட் என்ற கூலி ஒப்பந்தம் ஒழிந்து, கம்பெனியின் கூலி லைன் வீடுகளை விட்டு வெளியே வந்து, குத்தகை நிலத்தில் கரும்பு போட ஆரம்பித்திருந்தோம். வாழைத் தோட்டத்தில் விடியற்காலையில் எதையோ பார்த்ததாகப் பேச்சு எழுந்தது. உடம்பெல்லாம் மயிர், குனிந்த முதுகு, ஆளைக் கண்டதும் நாலு காலில் பாய்ந்து மலையேறிவிட்டதாம். மதராஸ் பக்கத்திலிருந்து வந்த நமக்கு வேறு என்ன தோன்றும்? இலங்கைக்குக் கடல் தாண்டிய ஆஞ்சநேயர் நமக்காக இன்னொரு கடலையும் தாண்டி வந்துவிட்டார் என்றார்கள். மலையடியில் ஒரு பாறை மேல் பழம் வைத்தார்கள். மறுநாள் பழம் இல்லை. அப்புறம் கேட்க வேண்டுமா? சனிக்கிழமைதோறும் மணி, கற்பூரம், கூட்டம். தரிசனம் கிடைக்கும் என்று மணியடித்துக்கொண்டே காட்டுக்குள்ளும் தேடிப் போனோம்.

பக்கத்து நிலத்துக்காரர் மட்டும் வரவில்லை. அவரும் அவர் அண்ணனும் ஒரே கப்பலில் வந்தவர்கள். லைனில் இருந்தபோது அண்ணன் வேலை வாங்கும் சர்தாரை அடித்துவிட்டுக் காட்டுக்குள் ஓடினார், திரும்பவே இல்லை. செத்திருப்பார் என்று ஊரே சொல்லியும் தம்பி திதி கொடுக்காமல் இருந்தார். மலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்த காய்வீத்தி, அதாவது இந்தத் தீவின் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர், இந்த மண்ணில் அப்படி ஒரு மிருகமே கிடையாது என்று சொன்னாராம். அன்றிலிருந்து தம்பிக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை பூஜைக்கு நடுவில் வந்து நின்றார். "அது சாமி இல்ல. எங்கண்ணனா இருக்கும். மணிய நிறுத்துங்க."

"உங்கண்ணனுக்கு எப்போடா வாலு மொளச்சுது?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

லைனிலிருந்து ஆள் ஓடினால் மணியடித்துத்தானே தேடுவார்கள் என்று அவர் சொன்னார். இந்தச் சத்தத்துக்குப் பயந்து அண்ணன் மேலே மேலே போயிருப்பார், அங்கே தின்ன என்ன இருக்கிறது என்றார். அப்போதுதான் பார்த்தேன். போன வாரத்துப் பழம் பாறையிலேயே கறுத்து, ஈ மொய்த்துக் கிடந்தது.

மறுநாள் மழையில் அவரும் நானும் ஓடையைப் பிடித்து ஏறினோம். "அண்ணே, நான்தான்" என்று வழியெல்லாம் கூப்பிட்டார். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறை இடுக்கில் அவர் அண்ணன் கிடந்தார். இடுப்பில் சாக்கு, இடுப்பு வரை சடை, மார்பெல்லாம் தாடி. பக்கத்தில் மென்று துப்பிய வேர்கள். உயிர் போய்ச் சில நாள் ஆகியிருந்தது. தம்பி இடது கையைத் தூக்கிப் பார்த்தார். கரும்புக் கத்தி பட்டுப் பாதியாய்ப் போன சுண்டுவிரல்.

"கிர்மிட் முடிஞ்சி போச்சு அண்ணே. எல்லாரும் வெளிய வந்துட்டோம்."

காதருகே குனிந்து, தூங்குகிறவரை எழுப்புவதுபோல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே வந்து, உடலைத் தூக்கிவர ஆள் கேட்டேன். பார்த்தவன் யார், பழம் வைத்தவன் யார் என்று போலீஸ் கேட்குமே என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிரிக்கவைத்தவர் மட்டும் ஒரு புது வேட்டியைக் கொடுத்து, தன் பேரைச் சொல்லவேண்டாம் என்றார். காய்வீத்திப் பெரியவர் தம் மகனோடு மூங்கில் கொண்டுவந்தார். நாலு பேருமாகத் தூக்கிவந்தோம்.

விறகெல்லாம் ஈரம். தம்பி வைத்த கொள்ளி மறுபடி மறுபடி அணைந்தது. இருட்டும் வரை பார்த்துவிட்டு, பெரியவர் குழி தோண்ட மண்வெட்டியை எடுத்தார்.