அந்தச் சிவப்புக் கோடு தங்கமாம்!

இண்டைக்குத்தான் இதை எழுதத் துணிவு வந்தது!

போன மாசம் ஒரு விடியக்காலமை. புதுக்குடியிருப்பில ரியூசனுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறன். (கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறனான்.)

பாத்ரூமுக்குள்ள இருந்து மனுசி கூப்பிடுறா. "இஞ்சருங்கோ... ஒருக்கா ஓடி வாங்கோ!"

பாம்பெண்டு நினைச்சு தும்புத்தடியோட ஓடினன்!

பாம்பில்லை. அவான்ர கையில கர்ப்பம் பாக்கிற ஸ்ரிப்.

"ரெண்டு கோடு தெரியுதே? இல்லாட்டி எனக்குத்தான் அப்பிடித் தெரியுதோ?"

கலியாணம் முடிச்சு ஆறு வருசம். எத்தினை ஸ்ரிப் பாத்திருப்பம்! எல்லாத்திலயும் ஒத்தைக் கோடு.

போன வருசம் ஒருக்கா ரெண்டு வந்தது. தங்கேல்லை. அதுக்குப் பிறகு ஸ்ரிப் வாங்கினாலும் அவா எனக்குச் சொல்லுறேல்லை.

வெளிச்சத்தில பிடிச்சு வடிவாப் பாத்தன். ரெண்டாவது கோடு இருந்தது. மெல்லிசா, ரோஸ் கலரில.

அந்த நேரம் கட்டிப்பிடிச்சிருக்கோணும். என்ர வாய் என்ன சொன்னது தெரியுமோ?

"உந்தக் கோடு தங்கம்."

"என்ன?!"

(பயம் வந்தா எனக்கு வகுப்பெடுக்கத்தான் தெரியும்!)

"உந்தப் பேப்பருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டையள் இருக்கு. அதுக்குள்ளால ஈரம் தானா ஏறும். ஏறேக்க நனோ அளவில இருக்கிற தங்கத் துகளையும் கூட்டிக்கொண்டு போகும். பிள்ளை உண்டாகினா வாற ஹோர்மோனைப் பிடிச்சுக்கொண்டு அதெல்லாம் ஒரு இடத்தில போய்ச் சேரும். அதுதான் ரெண்டாவது கோடு."

"தங்கம் மஞ்சள் எல்லோ?"

"அவ்வளவு சின்னனாகினா சிவப்பாத் தெரியும்."

அவா ஸ்ரிப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"அப்ப முந்தி வந்த ஒத்தைக் கோடுகள்?"

"ஓம். ஸ்ரிப் வேலை செய்யுதெண்டு காட்டுறதுக்கு எப்பவும் வாற கோடு அது. அதுகளும் தங்கம்தான்."

"ஐயோ, எல்லாத்தையும் குப்பைக்குள்ள எல்லோ போட்டனான்!"

சிரிச்சா. சிரிச்சுக்கொண்டே அழுதா. நானும்தான்.

(ரியூசன் பிள்ளையள், சேருக்கு அண்டைக்குக் காய்ச்சல், வகுப்பில்லை எண்டது பொய்!)

இண்டைக்குக் கிளிநொச்சிக்கு ஸ்கானுக்குப் போனம். ரோட்டில ஒரு பள்ளத்திலயும் விழாமப் பாத்துப் பாத்து மோட்டச்சைக்கிளை ஓட்டினன். உழவு மெசின் ஒண்டு எங்களை முந்திக்கொண்டு போனது!

டொக்டர் அம்மா ஸ்கிரீனை எங்கட பக்கம் திருப்பினா.

"இஞ்ச பாருங்கோ, துடிக்குது."

ஒரு அரிசி அளவுதான் இருக்கும். மினுக்கு மினுக்கெண்டு துடிச்சுக்கொண்டு இருந்தது. மனுசியின்ர நகம் என்ர கையில இறங்கிட்டுது.

"என்ன, அப்பா ஒண்டும் கேக்கேல்லையோ?" எண்டு டொக்டர் கேட்டா.

ஆரைக் கேக்கிறா எண்டு திரும்பிப் பாத்தன். பின்னால ஒருத்தரும் இல்லை.

மூண்டு மாசம் முடியிறவரைக்கும் வெளியில மூச்சு விடக்கூடாதெண்டு மாமி சொன்னவா.

மாமி பேஸ்புக்கில இல்லை. நீங்களும் போய்ச் சொல்லிப் போடாதேங்கோ, என்ன?