நாலாவது பாவத்தின் முகம்

அல்லைப்பிட்டிக்கு அப்பால் கடலோரம் கிடந்த அந்தச் சின்ன ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். அது அல்போன்சம்மாவுக்குத் தாய்வழி வந்த சீதனம். ஊரே அதில் அள்ளியது, அவளும் தடுக்கவில்லை. கிணற்றடியை யாராவது அசிங்கப்படுத்தினால் மட்டும் வாயைத் திறப்பாள். திறந்தால் நாலு வளவுக்குக் கேட்கும்.

அவளுடைய புருஷன் எமிலியானுஸ், தான் மீன்பிடிக்கும் பாட்டில் வலை விட்டான் என்று இன்னொருவனின் வலையைக் கத்தியால் கிழித்தெறிந்தவர். அவரை ஊர் ரோசக்காரன் என்றது. அவளைக் கோபக்காரி என்றது. என்ன வித்தியாசம் என்று ஊரைத்தான் கேட்கவேண்டும்.

1963ஆம் ஆண்டு பெருநாளுக்கு முன், கோயில் சுவரில் தலையான பாவங்கள் ஏழையும் வரைவிக்கச் சுவாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஓவியரைக் கூட்டிவந்தார். அவர் படமாளிகைகளுக்கு விளம்பரப் பலகை வரைபவர். ஆகையால் பாவங்கள் எல்லாவற்றுக்கும் கன்னத்தில் ரோசாப்பூ நிறம். ஆங்காரத்துக்கு மீசை வைத்தார், லோபத்தின் மடியில் முடிச்சு வைத்தார், மோகத்துக்குக் கண்ணில் மை தீட்டினார். நாலாவதான கோபத்தில் கை ஓடவில்லை. யோசித்தபடியே போய் அல்போன்சம்மாவின் கிணற்றுக் கட்டின் மேல் குந்தித் தூரிகைகளைக் கழுவினார். சிவப்புச் சாயம் கிணற்றுக்குள் வடிந்தது. குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்த அல்போன்சம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவது மரியாதையில்லை. ஓவியர் வாங்கிக் கட்டிக்கொண்டு, சந்தோஷமாகக் கோயிலுக்குத் திரும்பினார்.

விரித்த தலைமயிர், பிளந்த வாய், ஓங்கிய அகப்பை, மூக்கிலிருந்து நெருப்பு, மேலுதட்டில் அல்போன்சம்மாவின் அதே மச்சம்: சுவரில் நாலாவது பாவம் தயார். அந்த ஞாயிறு பூசையில் ஒருவரும் பீடத்தைப் பார்க்கவில்லை. கோபத்தின் கேட்டைப் பற்றிச் சுவாமியார் பிரசங்கத் தொட்டியின் விளிம்பில் கையால் குத்திக் குத்திக் கத்தியதில் அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று கீழே விழுந்தது.

படத்தை அழிக்கச்சொல்லிக் கேட்க அல்போன்சம்மா கோயில் வாசல்வரை போனாள். அங்கே நின்று யோசித்தாள். உள்ளே போய்ச் சத்தம் போட்டால் படம் சரிதான் என்றாகிவிடும். அதோடு மகள் மேரிஜோசப்பினைப் பார்க்க நெடுந்தீவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெருநாளுக்கு வருகிறார்கள். மகளுக்கு வயது இருபத்தொன்பது. பேசாமல் திரும்பி வந்தாள்.

அன்று மூடிய வாயை அவள் பிறகு திறக்கவில்லை. ஊருக்கு ஒரே கொண்டாட்டம். கிணற்றடியில் மீன் செதிள் மிதந்தது, மரவள்ளியை அயலவர்களின் ஆடுகள் மேய்ந்தன. அவள் செபமாலையை உருட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். சுவாமியார், ஒரு படம் ஓர் ஆத்துமாவை மீட்டுவிட்டது என்று ஆயருக்குக் கடிதம் எழுதினார்.

பெருநாள் அன்று மாப்பிள்ளையின் தாய் அன்னமுத்து படத்தைப் பார்த்தாள், அல்போன்சம்மாவின் மச்சத்தைப் பார்த்தாள், நடந்ததை அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தவள், பலகாரத்தைக் கடித்தபடி சீதனக் கதையைத் தொடங்கினாள்.

"கிணத்தோட முழு வளவையும் பொடிச்சியின்ர பேரில எழுதவேணும். எங்கட பக்கம் தண்ணி உப்பு. நானும் இஞ்சயே வந்து இருந்திடுவன். நீங்கள் ரெண்டு பேரும் பின்னால ஒரு கொட்டில் போட்டால் காணும்தானே?"

ரோசக்காரர் எமிலியானுஸ் கால் பெருவிரலால் நிலத்தில் கோடு கீறிக்கொண்டிருந்தார். அல்போன்சம்மா செபமாலையை இறுக்கினாள்.

"வீட்டையும் எழுதுங்கோவன்" என்றாள் அன்னமுத்து.

தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற மேரிஜோசப்பின் தட்டை மேசையில் குத்தி வைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் சத்தம் போட்டதை யாரும் கேட்டதில்லை.

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். அம்மா, எனக்காகத்தான் நீ பேசாமல் இருக்கிறாய் எண்டால், வாயைத் திறவணை!"

அல்போன்சம்மா திறந்தாள். இருபது நாள் பூட்டிவைத்தது அத்தனையும் வந்தது. அன்னமுத்து ஒற்றைச் செருப்போடு வள்ளத்தடிக்குப் போய்ச் சேர்ந்தாள். கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் சட்டியை விட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அடுத்த ஞாயிறு அல்போன்சம்மா கோயிலுக்குப் போய், அந்தோனியாரையும் மாதாவையும் கடந்து, நாலாவது பாவத்தின் காலடியில் மெழுகுதிரி கொளுத்தினாள். சுவாமியார் பதறி ஓடிவந்தார்.

"என்ன பிள்ளை செய்யிறீர்? அது புனிதை இல்லை, பாவம்!"

"தெரியும் சுவாமி. ஆனா நான் வாய் மூடியிருந்த நாளெல்லாம், இந்த ஊரில எனக்காக வாயைத் திறந்துகொண்டு நிண்டது இவள் ஒருத்திதான்."

திரி எரிந்து முடியும்வரை அவள் அங்கேயே முழங்காலில் இருந்தாள்.