ஒருகொடவத்தையில் தேடிக் கண்ட குழந்தை

ஒரு குழந்தையின் பார்வை என் அவசரப் பேச்சால் போய்விடப் பார்த்தது. நம் சபையில் எழுந்து இதைச் சொல்ல எனக்கு மூன்று வருடங்கள் எடுத்தன. வெட்கம்தான் காரணம். இன்று ஆண்டவர் தந்த தைரியத்தில் சொல்கிறேன்.

நான் அப்போது குழந்தைகளின் கண் மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சியில் இருந்தேன். காலை ஆறரைக்கு வெள்ளவத்தையில் பஸ் ஏறினால், வீடு திரும்பும்போது கால் வீங்கியிருக்கும். அந்த வருடப் பரீட்சையில் நான் சித்தியடையவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாரும் சித்தியடைந்துவிட்டார்கள். பயிற்சியிலிருந்து விலகுவதாக ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். கொடுக்கவும் மனமில்லை, கிழிக்கவும் மனமில்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்களைச் சோதிப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. அப்படிப் பிறக்கும் சில குழந்தைகளுக்குக் கண்ணின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும். உரிய நேரத்தில் லேசர் சிகிச்சை செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம். சில நாட்கள் பிந்தினாலும் போய்விடலாம். கண் சிவக்காது, பிள்ளை அழாது. பெற்ற தாய்க்கும் ஒன்றும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை யோகராணி என்ற தாய் தன் மகன் அபினேஷைக் கொண்டு வந்தார். ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை. கிளினிக்கில் அன்று பெருங்கூட்டம். பிள்ளையின் கண்களில் நோய் தொடங்கியிருந்தது, ஆனால் லேசர் செய்யும் அளவுக்கு வரவில்லை. ஒரு கிழமையில் மறுபடி பார்த்தே ஆகவேண்டும். அதை நான் இருத்திச் சொல்லியிருக்க வேண்டும். தாயின் முகம் வெளிறியதைக் கண்டு, "பயப்பட ஒண்டுமில்லை. வாற செவ்வாய் கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. தொலைபேசி வேலை செய்யவில்லை. புதனும் அப்படியே. வியாழக்கிழமை, பிள்ளை பிறந்தபோது அவர் கொடுத்திருந்த மட்டக்குளி விலாசத்துக்கு அந்தப் பகுதி மிட்வைஃப் போய்ப் பார்த்தார். "அவங்க வீடு மாறிட்டாங்க டொக்டர். எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல்ல" என்றார்.

சனிக்கிழமை நானே மட்டக்குளிக்குப் போனேன். தொடர்மாடிகளில் ஏறி இறங்கினேன். கடைகளில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பரீட்சையில் தோற்றதை என்னால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை இங்கே, கொட்டாஞ்சேனையில், ஆராதனைக்கு வந்தேன். பாட்டு பாடினார்கள், என் வாய் திறக்கவில்லை. ஜெப நேரத்தில் முழந்தாளிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஆண்டவரே, நான் வைத்தியராக வேண்டாம். அந்தப் பிள்ளையை மட்டும் எனக்குக் காட்டும்." பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சும்மா இருந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் மனம் ஓய்ந்தது.

அந்த ஓய்வில் யோகராணியின் குரல் வந்தது. நான் பிள்ளைக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஏதோ சொன்னார். நான் காதில் வாங்கவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "புது வீட்டுல கண்டெய்னர் லொறிச் சத்தம் டொக்டர். இவன் தூங்குறானே இல்ல."

எழும்பி என் கணவர் சுதனின் கையைப் பிடித்தேன். "ஒருகொடவத்தைக்குப் போவம், இப்பவே." கொழும்பில் கண்டெய்னர் யார்டுகள் நெருங்கிக் கிடப்பது அங்கேதான்.

"அங்க எத்தினை யார்ட் இருக்கு தெரியுமா?" என்றார். ஆனாலும் ஓட்டோவை மறித்தார்.

இரண்டு வாசல்களில் கைவிரித்தார்கள். மூன்றாவது கண்டெய்னர் யார்ட்டில் நின்ற காவலாளியிடம் சிங்களத்தில் கேட்டேன். "புஞ்சி பபாத?" என்றார், சின்னஞ்சிறு குழந்தையா என்று. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து அளவு காட்டினார். பிள்ளை நித்திரை கொள்கிற நேரம் ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று லொறிக்காரர்களிடம் சொல்லும்படி ஒரு தாய் வந்து கெஞ்சினாராம். மதிலுக்குப் பின்னாலிருந்த வீட்டு வரிசையைக் காட்டினார்.

யோகராணி கதவைத் திறந்தார். தோளில் அபினேஷ். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் கோபம்தான் வந்தது.

"நீங்கதானே பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க? புது வீட்டுல சாமான் அடுக்குற அவசரத்துல, அடுத்த கிளினிக்ல காட்டுவோம்னு விட்டுட்டேன்."

"ஓம். நான் சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இப்ப என்னோட வாங்கோ."

அவர் பிள்ளையின் துணிகளை எடுக்க உள்ளே போனார்.

அன்று மாலையே சோதித்தோம். நோய் முற்றியிருந்தது, ஆனால் நேரம் கடந்துவிடவில்லை. திங்கள் காலை என் மேலதிகாரியான வைத்தியர் லேசர் சிகிச்சை செய்தார். பக்கத்தில் நின்று உதவினேன். அதன் பிறகு காத்திருந்த நாட்களில் யோகராணியும் நானும் ஒரே வாங்கில் அமர்ந்து ஜெபித்திருக்கிறோம். அவர் தன் அம்மனிடம், நான் என் ஆண்டவரிடம்.

வலது கண் நன்றாகத் தப்பியது. இடது கண்ணில் பார்வை கொஞ்சம் குறைவு, கண்ணாடி போட வேண்டும். இப்போது அபினேஷ் கிளினிக்குக்கு நடந்து வந்து, என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை எட்டிப் பிடிக்கிறான். தூரத்திலிருந்தே குறிவைத்து வருகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் தேவனைத் துதிக்கிறேன்.

கடிதத்தை அந்தக் கிழமையே கிழித்துப் போட்டேன். அடுத்த தடவை பரீட்சையில் சித்தியடைந்தேன். ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்த சாட்சி அதுவல்ல. ஆண்டவர் என் காதைத் திறந்தாரே, அதுதான். இப்போது எந்தத் தாயையும் நான் அவசரமாக அனுப்புவதில்லை. நான் சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்கிறேன். அவர் சொல்வதையும் கேட்கிறேன்.

வழி தெரியாமல் இங்கே உட்கார்ந்திருப்பவர்களே, அவரிடம் கேளுங்கள். கேட்ட பிறகு கொஞ்சம் அமைதியாக இருங்கள். அவர் காட்டியதும் எழும்பிப் போங்கள். உங்கள் வீட்டில் மாதம் முந்திப் பிறந்த பிள்ளை இருந்தால், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சேர்ந்து ஜெபிப்போம். பிள்ளையின் கண்ணைப் பார்க்கும் நாளையும் அப்போதே குறித்துக்கொள்வோம்.