இரண்டு ஓடைகளுக்கு நடுவே சொன்ன பாங்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. நான் கண்டி டவுனில் த்ரீவீலர் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, பிளக்கைப் பார், பெற்றரியைப் பார், டாங்கில் பெற்றோல் இருக்கிறதா என்று பார், அவ்வளவுதான். நாவூறு பட்டுவிட்டது, வண்டிக்குத் தேசிக்காய் கட்ட வேண்டும் என்று வருகிறவனைக் கடையிலேயே ஏசி அனுப்பியிருக்கிறேன். ஜின் என்று ஒரு படைப்பு இருக்கிறது, அது குர்ஆனில் வருகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை வெட்டியை விட்டுவிட்டு என்னிடம் வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போதும் நடந்ததை மட்டும்தான் சொல்லப் போகிறேன், பெயர் எதுவும் வைக்கப் போவதில்லை.

என் தங்கச்சி பர்ஹானாவின் மாப்பிள்ளை ரிஸ்வான் கட்டாரில் வேலை. வருடக்கணக்காக மணலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒரு மாத லீவில் வந்திருந்தார். வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு. "மச்சான், தண்ணி விழுற எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க, எனக்குத் தண்ணி பாக்கோணும்." சும்மா ஒரு நீர்வீழ்ச்சிக்கு வேனில் போய் வடை தின்றுவிட்டு வந்திருக்கலாம். அவர் கேட்டாரா? நக்கிள்ஸ் மலைக்குள் மூன்று நாள் நடக்கிற பாதையை எங்கேயோ வீடியோவில் பார்த்து வைத்திருந்தார். வழியெல்லாம் ஓடை, காடு, நீர்வீழ்ச்சி. அவரைத் தனியே விட முடியாது என்று கடையைச் சாத்திவிட்டு நானும் புறப்பட்டேன்.

பர்ஹானா வாசல் வரைக்கும் வந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. அண்ணனை எங்கள் பக்கம் நானா என்போம். "நானா, எனக்கெண்டு கெடச்சது ஒரு மாசம். அதுல மூணு நாள உங்களுக்குத் தாறன். முழுசாத் திருப்பித் தந்துடுங்க." நான் "ஓ, ஓ, பார்சல் பண்ணியே தாறன்" என்று பகிடி விட்டேன்.

ஹுன்னஸ்கிரிய தாண்டி மலைக்கிராமம் ஒன்றில் பண்டா என்கிற ஆளை வழிகாட்டியாகப் பிடித்தோம். குறைவாகப் பேசுகிற மனுசன், எங்களுடைய அரிசி மூட்டையையும் தானே சுமந்துகொண்டார். காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு இலைக்கொத்தை முறித்து மரக்கவட்டில் தொங்கவிட்டுக் கும்பிட்டார், நாங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிக் காலை வைத்தோம். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடந்தோம், இரண்டு மூன்று நீர்வீழ்ச்சிகள், ரிஸ்வான் உடுப்போடு போய் நின்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். பாணும் டின் மீனும் அன்றைக்கு இருந்த ருசி, கல்யாண வீட்டுச் சாப்பாடு கிட்ட வராது.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்தது வினை. மேலே எங்கேயோ மழை பிடித்துவிட்டது, எங்களுக்கு வெறும் தூறலும் பனிமூட்டமும்தான். வழியில் அடுத்தடுத்து இரண்டு ஓடைகள். முதல் ஓடை முழங்காலுக்குக் கூட இல்லை. பண்டா பின்னால் நின்று மூட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார், அதற்குள் ரிஸ்வான் குடுகுடுவென்று இறங்கி அக்கரைக்குப் போய்விட்டார். "நில்லுங்க மச்சான்" என்று நானும் பின்னால் ஓடினேன். நான் கரையில் கால் வைத்துத் திரும்பிப் பார்க்கிறேன், நம்பினால் நம்புங்கள், நான் கடந்து வந்த கல் ஒன்றையும் காணோம். பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு உருண்டு வருகிறது, அதற்குள் ஒரு முழு மரமும் வருகிறது. நாங்கள் விட்டு வந்த கரையில் பண்டா இரண்டு கையையும் தூக்கி "இன்ன! இன்ன!" என்று கத்துவது வாயசைவில்தான் தெரிந்தது. சிங்களத்தில் அங்கேயே இரு என்று அர்த்தம். இருக்காமல் எங்கே போவது?

சரி, முன்னால் போவோம் என்று பார்த்தால் இரண்டாவது ஓடை அதைவிட மோசம். நாங்கள் நின்ற துண்டு நிலத்துக்கு முதுகுப் பக்கம் ஏறவே முடியாத பாறை, இடது பக்கம் ஒரு ஓடை, வலது பக்கம் ஒரு ஓடை. இரண்டும் எங்களுக்கு முன்னால் ஒன்றுசேர்ந்து ஒரே பாய்ச்சலாகக் கீழே விழுகின்றன. எலிப்பொறிதான், வேறு சொல் இல்லை. பண்டா கையால் ஊர்ப் பக்கத்தைக் காட்டி, கயிறு இழுக்கிற மாதிரிச் சைகை செய்துவிட்டுக் காட்டுக்குள் மறைந்துவிட்டார். ஆள் கூட்டிவரப் போகிறார் என்று விளங்கியது. போனில் சிக்னல் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இதில் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். அந்த இடத்துச் சத்தம் இருக்கிறதே, இரண்டு ஓடையும் அருவியும் சேர்ந்து, பக்கத்தில் நிற்கிறவரின் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சே கேட்கும். பண்டா எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் நின்றார், அவர் குரல் ஒரு எழுத்துக்கூட வந்து சேரவில்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

நேரம் போகப் போக நிலம் சுருங்கியது. முதலில் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர், எழும்பிப் பின்னால் போனோம், அங்கேயும் தண்ணீர். கடைசியில் ஒரு தட்டைப் பாறையில் வந்து முதுகைப் பின்னாலிருந்த பாறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. சாவதை விடவும் பர்ஹானாவின் முகத்தில் போய் எப்படி முழிப்பது என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ரிஸ்வான் இரண்டாவது ஓடைக்கு அப்பால் இருந்த பனிமூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் மங்கி மஃரிப் நேரமாகிவிட்டது. அப்போதுதான் என் காதில் வந்து கத்தினார்.

"மச்சான், பாங்கு செல்லுங்க. காட்டுல வழி தப்பினா பாங்கு செல்லச் சொல்லுவாங்கதானே."

"யாருக்கு செல்ல? அட்டைக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

"எனக்கு பயமா ஈக்கி மச்சான். செல்லுங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. எப்படியும் தொழுகை நேரம்தானே என்று ஓடையில் கைகால் முகம் கழுவி ஒழு எடுத்துக்கொண்டு, காதில் கையை வைத்து, இருக்கிற குரலெல்லாம் சேர்த்துப் பாங்கு சொன்னேன். எனக்குப் பெரிய குரல், எங்கள் பள்ளியில் மைக் பழுதானால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படியிருந்தும் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

சொல்லி முடித்துக் கையை இறக்கினேன். இரண்டாவது ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஆண் குரல், நிதானமான குரல். பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவு.

எதிரொலி என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எதிரொலி என்றால் நான் சொன்னதைத்தானே திருப்பிச் சொல்ல வேண்டும்? நான் சொன்னது பாங்கு, அது ஆட்களைத் தொழுகைக்குக் கூப்பிடுவது. அங்கேயிருந்து வந்தது இகாமத். ஆட்கள் வந்து வரிசையில் நின்ற பிறகு, தொழுகை தொடங்கப் போகிறது என்று சொல்வது அது. "கத்காமதிஸ் ஸலாஹ்" என்று வருகிற வரி பாங்கில் கிடையாது. நான் அதைச் சொல்லவே இல்லை. வல்லாஹி, நான் சொல்லவில்லை.

ரிஸ்வானின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆள் ஈக்கி! அங்கால ஆள் ஈக்கி மச்சான்! ஜமாஅத் நிக்கிது!" என்று ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டார். பாய்ந்து அவருடைய பேக்கின் வாரைப் பிடித்தேன். இழுக்கிறார், நான் பிடிக்கிறேன், இரண்டு பேரும் சறுக்கிப் பாறையில் விழுந்தோம்.

"விடுங்க, தொழுகை தொடங்குது!"

"பைத்தியமா ஒனக்கு? ஆத்தப் பாரு! பர்ஹானாக்கு நான் என்னத்தச் செல்ல?" என்று கத்தினேன். மரியாதையெல்லாம் அந்த நேரம் எங்கே வருகிறது? "தொழுறதெண்டா இங்கேயே நிண்டு தொழு!"

பர்ஹானாவின் பேரைக் கேட்டதும் அடங்கினார். பிறகு பாறையின் நடுவில் அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்து நின்று தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார். தொழும்போது முகம் வைக்க வேண்டிய கிப்லாவும் அந்தப் பக்கம்தான். நான் சேரவில்லை. பாறையில் உட்கார்ந்து அந்த வாரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன், அதுதான் அன்றைக்கு எனக்குத் தொழுகை. இரண்டாவது ஓடைக்கு அப்பாலிருந்து கிராஅத் வந்தது, அழகான ஓதல். அல்ஹம்து சூரா முடிந்ததும் "ஆமீன்" என்றார்கள். என்றார்கள் என்றுதான் சொல்கிறேன். ஒருவரில்லை, பள்ளி நிறைந்த கூட்டம் சொல்கிற ஆமீன். பனிமூட்டத்துக்குள் ஒரு டோர்ச் வெளிச்சம்கூட இல்லை.

இரண்டாவது ரக்அத்துக்கு எழும்பும்போது ரிஸ்வான் ஒன்று செய்தார். அரை அடி இடது பக்கமாக ஒதுங்கினார். பிந்தி வந்தவன் வரிசையில் சேரும்போது நாம் இடம் கொடுப்போமே, அப்படி. அவருடைய வலது பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் பாறை வெறுமையாகக் கிடந்தது. தண்ணீர் அதன் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை.

அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் ஓடைச் சத்தம் பளாரென்று காதில் அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவ்வளவு நேரமும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. ரிஸ்வான் என் பக்கத்தில் வந்து சாய்ந்து உட்கார்ந்து தூங்கிவிட்டார். அப்படி ஒரு இடத்தில் யாருக்காவது தூக்கம் வருமா?

தண்ணீர் வடிந்த பிறகு பண்டா ஊர் ஆட்களோடு கயிறும் டோர்ச்சும் கொண்டுவந்து எங்களை இழுத்தெடுத்தார். இரண்டாவது ஓடைக்கு அப்பால் யாரும் முகாம் போட்டிருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். வரும் வழியில் நான் பாங்கு சொன்ன ஒரு குரல் மட்டும் கேட்டதாம், வேறு ஒன்றும் இல்லையாம். அதுவும் அந்த இரைச்சலைத் தாண்டி எப்படிப் போனதோ தெரியாது. விடிந்த பிறகு மேட்டிலிருந்து காட்டினார். பாதை இரண்டாவது ஓடையைக் கடக்கிற இடம் சற்றுத் தள்ளி இருந்தது, குரல் வந்த நேருக்கு அந்தப் பக்கத்தில் கரையே கிடையாது. செங்குத்தான பாறை, அதில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் ஒட்டி நிற்கக்கூட இடமில்லை.

வீட்டில் கொண்டுபோய் விட்டபோது பர்ஹானா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், காயமில்லை, காய்ச்சலில்லை. "அல்ஹம்துலில்லாஹ், முழுசாத் தந்துட்டீங்க" என்றாள். எனக்கும் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ரிஸ்வான் கட்டாருக்குத் திரும்பிப் போகவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பார். இப்போது என் கடையில்தான் நிற்கிறார், வேலையில் ஒரு பிழை சொல்ல முடியாது. பர்ஹானாவுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு நாள் குசினியில் சமையலுக்கு நடுவே மெதுவாகக் கேட்டாள். "நானா, அவர் ஏன் முசல்லாவ எப்பவும் செவத்தோட ஒதுக்கி விரிக்கிறாரு? வலது பக்கம் யாரையும் உக்காரவும் விடுறாரில்ல."

பள்ளியில் என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொழுகை வரிசையில் இடைவெளி விட்டு நிற்கிறவனைக் கண்டால் எனக்குப் பொறுக்காது, "நெருங்கி நில்லுங்க" என்று சத்தம் போடுகிறவன் நான்தான். ஒரு ஜும்ஆவில் ரிஸ்வானின் வலது பக்கம் அந்த இடைவெளியைக் கண்டேன். வேண்டுமென்றே போய் அதில் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கோபமில்லை, பாவம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. தக்பீர் கட்டின உடனே என் இடது கை சில்லென்றது. முடித்துவிட்டுப் பார்க்கிறேன், சட்டைக்கை தோளிலிருந்து முழங்கை வரைக்கும் நனைந்து சொட்டுகிறது. வெளியே கொளுத்துகிற வெயில். கூரையைப் பார்த்தேன், ஒழுக்கில்லை. பக்கத்தில் பைப் இல்லை. ஏசியும் கிடையாது, வெறும் ஃபேன்தான். அதற்கு மேல் எதைப் பார்ப்பது?

வெளியே வந்து செருப்பைப் போடும்போது ரிஸ்வானிடம் கேட்டேன், இது என்ன என்று.

"அங்க ஆள் நிக்கிதே மச்சான்" என்றார், சாதாரணமாக.

அதற்குப் பிறகு நான் அவரோடு தொழப் போனால் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் நிற்கிறேன். போன வெள்ளிக்கிழமை பின் வரிசையிலிருந்து ஒரு ஹாஜியார் என் தோளில் தட்டி, "என்ன தம்பி, நீங்களே இப்பிடி நிண்டா எப்பிடி? நெருங்குங்க" என்றார். ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்றுதான் திரும்பினேன்.

"ஆள் நிக்கிது ஹாஜியார்" என்று என் வாய் சொல்லிவிட்டது.