மொன்றியலில் வளர்ந்த கோட்

2008 பெப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ரொறன்ரோவில் பஸ் ஏறினேன். மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். கிங்ஸ்ரன் தாண்டியதும் பனி கொட்டியது; சாரதி வேகத்தைக் குறைத்தார். என் பள்ளித்தோழி செல்வராணி தைத்த கோட்டை மூன்று மணிக்கு அவளுடைய கல்லூரியில் நடுவர்கள் பார்க்கப் போகிறார்கள். நான் இறங்கும்போது மணி இரண்டு. இரண்டே முக்கால் டொலருக்கு மெற்றோ ரிக்கற் எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன்.

செல்வராணி மொன்றியல் புறநகரான புவாண்ட்-கிளேரில் அலுவலக வேலை பார்த்தவள். நாற்பது வயதில் அதை விட்டுவிட்டு ஆடை வடிவமைப்புப் படிக்கச் சேர்ந்தாள். அவளுடைய ஆசிரியை ஐசத்தா மாலி நாட்டவர். ஆபிரிக்கத் துணி மரபுகளை இன்றைய வடிவமைப்புக்கு அடித்தளமாகக் கற்பிப்பவர். துணியில் உள்ள படத்தைப் பிரதி எடுக்காதீர்கள், அது எப்படிக் கட்டப்பட்டது என்று பாருங்கள் என்பதே அவர் பாடம். கல்லூரிக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாலைநேரப் பொழுதுபோக்கு வகுப்பாக மாற்றிவிடலாமா என்று செல்வராணியின் கோட்டைப் பார்த்து அன்றைக்குத்தான் முடிவெடுக்க இருந்தார்கள்.

செல்வராணி நடுவர்கள் முன் வைத்திருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு குழந்தைக் கோட். மேற்கு ஆபிரிக்காவில் துணியைக் கையகலப் பட்டிகளாக நெய்து பக்கம் பக்கமாக இணைப்பார்களாம், அதே முறை. ஒரு பூவோ கோலமோ அதில் இல்லை. வடிவமைப்புத் துறைத் தலைவி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ஆபிரிக்கா எங்கே என்று கேட்டார்.

செல்வராணி பக்க இணைப்பில் இருந்த தெறிகளை, அதாவது பொத்தான்களை, கழற்றினாள். தனியாக நெய்து வைத்திருந்த இரண்டு பட்டிகளை இடையில் வைத்துப் பூட்டினாள். கைகளுக்கும் கீழ் விளிம்புக்கும் அப்படியே. ஆறு வயதுக் கோட் எட்டு வயதுக்கு வளர்ந்துவிட்டது. கத்தரிக்கோல் படவில்லை.

நடுவர்களில் ஒருவர் கோட் கொம்பனி நடத்துபவர். அதைக் கையில் வாங்கித் தானே கழற்றிப் பூட்டிப் பார்த்தார். எல்லா அளவிலும் மாதிரி தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். ஐந்து மணிக்கு முடிவு வந்தது. வகுப்பு தொடரும், செப்ரெம்பரிலிருந்து வடிவமைப்பு மாணவர் எல்லோருக்கும் கட்டாயப் பாடம். ஐசத்தா செல்வராணியைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்தே தூக்கிவிட்டார்.

இரவு அஹுன்ட்சிக்கில் செல்வராணி வீட்டில் ஐசத்தாவும் சேர்ந்து மூவரும் புட்டுச் சாப்பிட்டோம். பயந்தாயா என்று செல்வராணியைக் கேட்டேன்.

“ஓம், பயந்தனான்தான். ஆனா தெறி பூட்டேக்க கை நடுங்கேல்லை.”

மறுநாள் திரும்பும் பஸ்ஸில் ரொறன்ரோவில் ஸ்காபரோவில் நான் நடத்தும் கடையை நினைத்தேன். மெத்தை உறைகளில் மாங்காய்க் கரை அச்சிட்டு, தமிழ் டிசைன் என்று விற்கிறேன். ஒரு வெட்டும் இல்லாமல் எந்த உடம்புக்கும் பொருந்துகிறதே சேலை, அது எப்படிக் கட்டப்பட்டது என்று இதுவரை நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ரொறன்ரோ வருமுன் சேலையைப் பற்றி எனக்குள் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டேன்.