நடுவில் விட்ட இடம்

வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில் இரண்டாம் மாடியில் இருந்தோம். முன்னறையின் ஒரு சுவர் முழுக்க என்னுடைய பாட்டுச் சாமான்கள்தான். டுபாயில் வேலை செய்த நண்பர்கள் லீவில் வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்றை வாங்கிவரச் சொல்லிவிடுவேன். அப்படிச் சேர்ந்தவை அம்ப்ளிஃபயர், இரட்டைக் கசெற் டெக், பச்சையும் சிவப்புமாக லைட் துள்ளும் ஈக்குவலைசர், அறையின் நாலு மூலைக்கும் நாலு ஸ்பீக்கர். வீடு சோதிக்க வந்த ஆமிக்காரர் அந்த வயர்க் கூட்டத்தைக் காட்டி இதென்ன என்று சிங்களத்தில் கேட்டார்கள். பாட்டுப் போட்டுக் காட்டினேன், தலையாட்டிவிட்டுப் போனார்கள். மனைவிதான் ஒருநாளும் தலையாட்டியதில்லை.

அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய தங்கை ஐந்து வயது மகளோடு வருவதாகத் தகவல் வந்தது. கணவர் கனடாவில். விசா கிடைக்கும்வரை அவர்கள் எங்களோடுதான்.

"அவை எங்க படுக்கிறது? உங்கட ஸ்பீக்கருக்கு மேலயோ?" என்றாள் மனைவி.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கழற்றத் தொடங்கினேன். ஈக்குவலைசர் கட்டிலுக்குக் கீழே போனது. இரண்டு ஸ்பீக்கர்களைக் கொட்டாஞ்சேனையில் இருந்த நண்பன் வந்து தூக்கிப் போனான். மிஞ்சிய இரண்டையும் ஒரே சுவரோரம், பாயில் இருப்பவரின் காது மட்டத்துக்கு வைத்தேன். வயரைத் திரும்பப் பூட்டும்போதுதான் பார்த்தேன், ஒன்றில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறிக் கிடந்தன. இவ்வளவு காலமும் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ள மற்றது இழுத்திருக்கிறது. சரியாகப் பூட்டி ஒரு பாட்டுப் போட்டேன். அறை முழுக்கச் சிதறிக் கிடந்த குரல், இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் ஓர் ஆள் நின்று பாடுவதுபோல் வந்தது. கட்டிலுக்குக் கீழே போனதை நினைத்து எனக்குத் துளியும் கவலை வரவில்லை.

மனைவியின் தங்கை, என் மச்சாள், வந்து, வடக்கிலிருந்து வருகிறவர்கள் எல்லாரையும்போலப் பொலிஸில் பெயர் பதிந்து, இரண்டு பாய்க்கு இடம் பிடித்து அமர்ந்தபிறகு, மனதில் கிடந்ததைச் சொன்னாள். கைக்குழந்தையாக விட்டுப்போன தகப்பனைப் பிள்ளைக்குத் தெரியாது. போனில் கூப்பிட்டால் ஓடி ஒளிகிறாள். அவர் பேசி அனுப்பிய கசெற்றை ஊரில் சின்ன ரேடியோவில் போட்டால், கரகரப்பைக் கேட்டுக் காதைப் பொத்துகிறாள்.

"அங்க போய் இறங்கேக்க இவள் அவரிட்டப் போகமாட்டன் எண்டு நிண்டா, அந்த மனிசன் உடைஞ்சுபோடும், அத்தான்."

அந்தக் கசெற்றைக் கொண்டுவந்திருந்தாள். பின்னேரத் தேத்தண்ணி குடித்துவிட்டு அதைப் போட்டேன். மனதுக்குள் எனக்குப் பயம்தான். இதிலும் காதைப் பொத்தினால் பிறகு என்ன செய்வது?

தகப்பன் அவசரமில்லாமல் கதைத்தார். மகளுக்கு நீலக் கோட் வாங்கி வைத்திருக்கிறாராம், வளர்ந்திருப்பாள் என்று கொஞ்சம் பெரிதாகவே எடுத்தாராம். சோடா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்தாள். இடது ஸ்பீக்கரையும் பார்க்கவில்லை, வலதையும் பார்க்கவில்லை. நடுவில் இருந்த வெறுஞ்சுவரைப் பார்த்தாள். மூடிகளை விட்டுவிட்டு வந்து அதற்கு முன்னால் காலை மடக்கிச் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் வந்து குரலை மூடியது. சத்தத்தைக் கூட்ட நான் எழும்பிப் போய் நின்றேன்.

"பெரியப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. அப்பாவை மறைக்கிறீங்கள்."

தள்ளி நின்றேன். மச்சாள் அழுதாள். சொல்ல என்ன வெட்கம், நானும் அழுதேன்.

விசா வர மாதங்கள் ஆகின. கோட்டுகள், சப்பாத்துகள், சூட்கேஸ்கள் என்று சாமான் கூடிக்கொண்டே போனது. அரிசி மூட்டை என் மேசைக்குக் கீழே வந்தது, நான் காலை மடக்கிக்கொண்டு எழுதினேன். ஆனால் இடம் இல்லை, இடம் இல்லை என்று என்னோடு சண்டை பிடித்த மனைவி, அந்த இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு முக்காலிகூட வைக்கவில்லை.