குவிமாடத்தின் தடிப்பு

வளைந்த மெல்லிய தகடுகள் பாரம் ஏறும்போது எப்படி வளைகின்றன, எப்படி இழுபடுகின்றன என்று சமன்பாடு எழுதித்தான் நான் கலாநிதிப் பட்டம் வாங்கினேன். ஆறு வருடம் போனது. அதற்குள் அப்படி ஒரு தகட்டைக் கையால் தொட்டுப் பார்க்கும் தேவை எனக்கு ஒருநாளும் வரவில்லை.

என் காக்கா, அதாவது அண்ணன், கல்முனையில் ஃபைபர் தோணி செய்கிறவர். போன வருடம் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்கிற தொட்டிக்கு மேலே வைக்க ஒரு சின்னக் குவிமாடம் செய்தார். அதை ஏற்க முதல் நிர்வாகசபைக்கு ஒரு சந்தேகம்: கழுவுவதற்கு ஆள் ஏறினால் தாங்குமா?

சபையிலிருந்து ஒரு ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். "புள்ள, நீங்க இதத்தானே படிச்ச? ஒரு கடிதம் தந்தாப் போதும்."

ஊரில் முதல்தடவையாக என் படிப்பை ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காக்காவுக்கு ஃபோன் எடுத்துத் தடிப்பைக் கேட்டேன். "ஆறு மில்லிமீற்றர்" என்றார். இரண்டு நாள் கணக்குப் போட்டு, ஆறு பேர் ஏறி நிற்கலாம் என்று கடிதம் எழுதி, கீழே 'கலாநிதி' என்றும் போட்டுக் கையொப்பம் வைத்தேன்.

ஹாஜியாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. காக்காவின் பட்டறையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு அவரே ஏறினார். உச்சியில் காலை வைத்ததும் 'டொப்' என்று ஒரு சத்தம். குவிமாடம் உள்பக்கமாகக் குழிந்துவிட்டது. பீங்கான் கோப்பைக்குள் வைத்ததுபோல ஹாஜியார் அதற்குள் குந்திக்கொண்டிருந்தார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் ஒருத்தரும் சிரிக்கத் துணியவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதல் அவமானம்.

அவரை இறக்கிவிட்டு, காக்கா கீழே இருந்து ஒரு தள்ளுத் தள்ளினார். குவிமாடம் மறுபடி 'டொப்' என்று பழையபடி நிமிர்ந்தது.

எல்லோரும் போனபின், உச்சியில் பல்புக்கென்று விட்டிருந்த துளைக்குள் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மூன்று மில்லிமீற்றர்.

"ஆறெண்டுதானே சொன்னீங்க?"

"ஓம், ஓரத்தில ஆறு. நீ எங்க எண்டு கேக்கல்லையே."

உண்மைதான். என் சமன்பாடும் கேட்கவில்லை. அது எல்லா இடமும் ஒரே தடிப்பு என்று மரியாதையாக நம்பிக்கொண்டிருந்தது. தடிப்பு பாதியானால் இழுபடுவதற்கான எதிர்ப்புப் பாதியாகும். வளைவதற்கான எதிர்ப்போ எட்டில் ஒன்றாகிவிடும். இடத்துக்கிடம் மாறும் தடிப்பைச் சேர்த்து அங்கேயே கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஒரு ஆள் ஏறினாலே குழியும் என்று வந்தது. சந்தோசத்தில் கத்திவிட்டேன்.

காக்கா முறைத்தார். "ஆள் விழுந்ததுக்கா சந்தோசம்?"

"இல்ல காக்கா, சரியா விழுந்திரிக்கார்."

அவர் உச்சிக்கு இன்னும் மூன்று படை ஃபைபர் ஒட்டி, பச்சை நிறம் அடித்தார். திருத்திய கடிதத்தைக் கொண்டுபோனேன்; சபையில் வாங்கவில்லை. ஒரு கடிதம் ஏற்கனவே ஃபைலில் கிடக்கு, ரெண்டு எதற்கு என்றார்கள்.

அந்தக் கணக்கைப் பிறகு ஒரு மாநாட்டில் வாசித்தேன். பரிசோதித்துப் பார்த்தீர்களா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். ஓம், ஒருதடவை என்றேன். எத்தனை கிலோ பாரம் ஏற்றினீர்கள் என்றார். அதை ஹாஜியாரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.